உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?

நாற்பதாண்டு இடைவெளியில் ஒரே கேள்வியை இரண்டு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்டவர் என் தந்தை. 1983-ல் சின்னமனூரில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளியில் அறுத்த ஒரு மர யானையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யானை நன்றாகத்தான் இருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு திண்ணையில் வைத்துவிட்டு, "ஆசாரி வேலை பாக்கவா உன்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்? நமக்கெதுக்குடா இது?" என்றார்.

இரண்டாவதாகக் கேட்டவர் எங்கள் வீட்டுக்குக் கதவு நிலை செய்துகொடுத்த ஆசாரி. பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பி, பின்கட்டில் ஒரு சிறிய ஸ்க்ரோல் சா இயந்திரத்தை வைத்துப் பலகை அறுத்துக்கொண்டிருந்த என்னை அவர் வாசலில் நின்றபடியே வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்றார். குரலில் கேலி இல்லை, உண்மையான குழப்பம்தான் இருந்தது.

இரண்டும் ஒரே வாக்கியம். ஒன்று மேலிருந்து கீழே பார்த்துச் சொல்லப்பட்டது. மற்றது கீழே நிற்பதாகத் தன்னை நினைக்கவைக்கப்பட்ட ஒருவர் மேலே பார்த்துச் சொன்னது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் தமிழ்நாட்டில் 'பொழுதுபோக்குத் தச்சு' என்ற ஒன்று வளராமல் போன கதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இலக்கியம் பேசும் இடத்தில் ரம்பத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். மரத்தூளைத் தட்டிவிட்டு மெதுவாகச் சொல்கிறேன்.

*

முதலில் கருவியைப் பற்றி. கையால் அறுக்கும் ஃப்ரெட் சா என்பது படுக்கவைத்த 'ப' வடிவிலான ஓர் இரும்புச் சட்டம். அதன் இரு முனைகளுக்கும் இடையே, வீணைத் தந்தியைப் போல, ஐந்து அங்குல நீளமுள்ள ஒரு மெல்லிய பிளேடு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சாதாரண ரம்பம் நேராகத்தான் போகும். இது நின்ற இடத்திலேயே திரும்பும். பலகையில் ஒரு துளையிட்டு, பிளேடை அதன் வழியே நுழைத்து மறுபடியும் சட்டத்தில் மாட்டினால், விளிம்பைத் தொடாமலேயே பலகையின் நடுவில் ஒரு பூவை வெட்டி எடுக்கலாம். இதையே மோட்டார் வைத்து மேசையில் பொருத்தினால் அது ஸ்க்ரோல் சா.

எங்கள் பள்ளியில் இப்படி ஆறு ரம்பங்கள் இருந்தன. கிராஃப்ட் வாத்தியார் என்று நாங்கள் அழைத்த ஆசிரியர் அவற்றைப் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பார். பிளேடு ஒடிந்தால் ஒடிந்த துண்டைக் காட்டினால்தான் புதியது கிடைக்கும். பலகை வாங்கப் பணம் கிடையாது. மேகமலைத் தோட்டங்களிலிருந்து தேயிலை வந்த பழைய பெட்டிகள் கடைவீதியில் மலிவாகக் கிடைக்கும். ஓரத்துத் தகரப் பட்டையையும் உள்ளே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளையும் உரித்தால், மெல்லிய பிளைவுட் கிடைத்துவிடும். அறுக்கும்போது தேயிலை வாசனை வரும். என் யானையும் அப்படி ஒரு பெட்டியிலிருந்துதான் வந்தது.

வாத்தியார் எங்களுக்குச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான். "வாளைத் திருப்பாதே, பலகையைத் திருப்பு." வளைவு வந்ததும் பதறிப்போய் ரம்பத்தை முறுக்குவான் புதியவன்; பிளேடு ஒடியும். ரம்பம் தன் இடத்தில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்க, பலகையைத்தான் மெல்ல அதற்கு ஊட்ட வேண்டும். இன்று மின்சார இயந்திரத்திலும் அதே விதிதான்.

இந்தக் கருவிக்கு நீண்ட வரலாறு உண்டு. பதினான்காம் லூயி மன்னனுக்கு மேசை நாற்காலிகள் செய்த ஆந்த்ரே ஷார்ல் பூல் என்ற பிரெஞ்சுக் கலைஞர், பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வீச்சில் அறுப்பதில் பேர்போனவர். ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் துண்டு மயிரிழை பிசகாமல் உட்காரும். லண்டனில் 1760-களில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடத் தொழிலாளர், உலக வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லையோடு அறுத்துப் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்க விற்றார். இன்றைய ஜிக்சா புதிர்களின் தொடக்கம் அதுதான். நமக்குப் பக்கத்தில் மைசூரில், ஈட்டி மரத்தில் பல நிற மரத்துண்டுகளைப் பதிக்கும் கலைஞர்கள், அந்தச் சிறு துண்டுகளை இன்னமும் இப்படிப்பட்ட நுண்ரம்பத்தால்தான் வெட்டி எடுக்கிறார்கள். அங்குள்ள அரண்மனைக் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் நுட்பம் தெரியும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அரண்மனையோ மன்னரோ அல்ல. 1895-ல் இங்கிலாந்தில் 'ஹாபீஸ்' என்று ஒரு வார இதழ் தொடங்கியது. நார்ஃபோக் வட்டாரத்தில் டீரம் என்ற சிற்றூரை மையமாகக் கொண்ட நிறுவனம். இதழோடு இலவச இணைப்பாக ஓர் அறுப்பு வரைபடம் வரும். குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் பள்ளிச் சிறுவனும் அதைப் பலகையில் ஒட்டி, சாயங்காலங்களில் அறுத்தார்கள். மார்கழியில் கோலப் புத்தகத்தை இணைப்பாகத் தரும் நம் வார இதழ்களை நினைத்துக்கொண்டால் போதும். தச்சர் அல்லாதவர்கள் லட்சக்கணக்கில் மரத்தைத் தொட்டார்கள். 'நமக்கெதுக்கு இது' என்று யாரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

*

நம்மிடம் ஏன் அது நிகழவில்லை? வறுமை என்று சொல்லலாம். ஆனால் தேயிலைப் பெட்டிப் பலகைக்கு எத்தனை பணம் வேண்டியிருந்தது? காரணம் வேறு. நம் ஊரில் உளியும் இழைப்புளியும் கருவிகள் மட்டுமல்ல, அடையாளங்கள். அதை எடுப்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது எடுப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. இங்கே கைவேலையைக் கற்பது என்பது ஒரு திறமையைக் கூட்டிக்கொள்வதாக அல்ல, சாதியில் ஒரு படி இறங்குவதாகவே பார்க்கப்பட்டது.

எப்போதும் இப்படித்தானா என்றால், புறநானூற்றின் 206-ஆம் பாடலைப் பார்க்கலாம். அதியமான் பரிசில் நீட்டிக்கவே சினந்து கிளம்பும் ஔவை, தன்னைப் போன்ற புலவர்களுக்கு உவமையாக எடுப்பது அரசனையோ வீரனையோ அல்ல. மழுவோடு காட்டுக்குள் நுழையும் தச்சனின் கைத்திறன் மிக்க பிள்ளைகளை. அவர்களுக்கு எந்தக் காட்டிலும் பிழைப்பு உண்டு, எங்களுக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்கிறாள். ஒரு புலவர் தன் தன்மானத்துக்குச் சான்றாகத் தச்சனைச் சுட்டிய மொழி இது. பின்னால் எங்கோ கையும் நாவும் பிரிந்துவிட்டன. நாவுக்குத் திண்ணையும் கைக்குத் தெருக்கோடியும் ஒதுக்கப்பட்டன.

அதை மறுபடி இணைக்க இருபதாம் நூற்றாண்டில் பெரிய முயற்சிகள் நடந்தன. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழிலை மையமாக வைத்துக் கல்வி தரவேண்டும் என்ற காந்தியின் எண்ணம் வடிவம் பெற்றது. நம் பகுதிக்கு அருகிலேயே, தே. கல்லுப்பட்டியில் 1940-ல் கோ. வேங்கடாசலபதி காந்தி நிகேதனை நிறுவினார். பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்து 1960-ல் மறைந்தார். சின்னாளபட்டிக்கு அருகே 1947-ல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். எந்தச் சாதிப் பிள்ளையும் தக்ளியையும் தறியையும் உளியையும் தொடவேண்டும் என்பது அந்தக் கல்வியின் உள்ளுறை.

பிறகு வந்தது 1953. ராஜாஜி அரசின் புதிய தொடக்கக்கல்வித் திட்டம் கிராமப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. ஆசாரி பிள்ளை உளியைப் பிடிக்க வேண்டும், வண்ணார் பிள்ளை துறைக்குப் போக வேண்டும். இதற்குப் பெரியார் இட்ட பெயர் 'குலக்கல்வி'. எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

இங்கே என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் திட்டம் ஒழிந்தது நல்லது. அது ஒழியாமல் இருந்திருந்தால் இதை வாசிக்கும் பலர் இன்று வாசித்துக்கொண்டிருக்கமாட்டார்கள். ஆனால் அதன் நினைவு நம் மனதில் ஒரு பிழையான சமன்பாட்டை விட்டுச்சென்றது: கைவேலை என்றால் குலவேலை, கல்வி என்றால் அதிலிருந்து தப்பித்தல். வார்தாவும் 1953-ம் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்று எல்லாக் கைகளிலும் எல்லாக் கருவிகளையும் கொடுக்க முயன்றது. மற்றது அவரவர் கையில் அவரவர் அப்பனின் கருவியைத் திணித்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். கிராஃப்ட் வகுப்பு கால அட்டவணையில் வெறும் கட்டமாக எஞ்சியது. பிறகு கணக்கு வாத்தியார் அந்தக் கட்டத்தையும் எடுத்துக்கொண்டார்.

இது பழங்கதை அல்ல. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் தச்சுத் தொழிலும் உண்டு. விண்ணப்பிப்பவரின் குடும்பம் பரம்பரையாக அத்தொழிலைச் செய்துவந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு எதிர்த்தது. அந்த வடிவில் ஏற்கமாட்டோம் என்று 2024 நவம்பரில் அறிவித்தது. 2025 ஏப்ரலில் சாதி, குடும்பத்தொழில் என்ற வரையறை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. எழுபதாண்டு கழித்தும் அதே கேள்விதான்: உளி யாருக்கு? காகிதத்தில் அதற்குச் சரியான விடை எழுதிவிட்டோம். வீட்டுத் திண்ணையில் இன்னும் எழுதவில்லை.

*

ஆசாரியிடம் திரும்புகிறேன். அன்று அவர் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. நான் அறுத்துக்கொண்டிருந்த பலகையை அவர் கையில் கொடுத்தேன். அது ஒரு சிக்குக் கோலம். என் அண்ணி நோட்டில் புள்ளி வைத்து வரைந்து தந்தது. கோலத்தின் கம்பியை மட்டும் விட்டுவிட்டு, இடையில் உள்ள வெளிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தால் முழுக்கோலமும் ஒரே வலையாக நிற்கும். ஒவ்வொரு வெளிக்கும் ஒரு துளை. ஒவ்வொரு துளைக்கும் பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டும். இரண்டு மூலைகளில் என் கோலம் ஒடிந்திருந்தது.

"என்ன மரம் சார்?" என்றார். இலவம் என்றேன். போடிப் பக்கத்திலிருந்து வந்த துண்டு; மெதுவாக இருக்கிறதே, பழகுவதற்கு நல்லது என்று வாங்கியிருந்தேன். அவர் சிரித்தார். ஒடிந்த இடத்தை விரலால் தடவி, "நார் இப்படி ஓடுது. அதுக்குக் குறுக்க இம்புட்டூண்டு கம்பிய நிறுத்துனா நிக்குமா? நார் போற போக்குலதான் மெல்லுசு வரணும்" என்றார். நான் புத்தகங்களில் படித்திருந்த விஷயம்தான். ஆனால் விரல் சொன்னபோதுதான் புரிந்தது. யானை அறுப்பதானால் கால்களின் நீளவாக்கில் நார் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கால் முறியும். எல்லாப் பக்கமும் மெல்லிதாக இருக்கும் கோலத்துக்கு ஒரு திசை நார் உதவாது. அடுக்கடுக்காக நாரை மாற்றி ஒட்டிய பிளைவுட்தான் வேண்டும்.

அதன்பின் அவர் வாரத்தில் ஒருநாள் வருவார். பிளேடைச் சுண்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். தொய்ந்த பிளேடு மந்தமாக ஒலிக்கும். சரியான இழுவையில் இருந்தால் கணீரென்று கேட்கும். பூவரசையும் மாமரத்தையும் வெட்டிய கையோடு அறுக்காதே, நிழலில் காயவிடு என்றார். மரக்கண் இருக்கும் இடத்தில் கோடு போடாதே என்றார்.

என்னிடமும் அவருக்குக் கொடுக்கச் சில இருந்தன. வரைபடத்தை ஒட்டியபின் அதன்மேல் பெட்டி ஒட்டும் தெளிவான டேப்பை ஒட்டினால் பிளேடு சூடாவது குறைகிறது, மரம் கருகுவதில்லை. முதலில் உள்வெட்டுகளை முடித்து, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்க இடமில்லாமல் போகும். ஒரே மாதிரி நான்கு வேண்டுமானால் நான்கு பலகைகளைச் சேர்த்து ஒட்டி ஒருமுறை அறுத்தால் போதும். பூல் செய்த வேலையின் ஏழை வடிவம். பிளேடு எப்போதும் சற்று ஒருபக்கமாக இழுக்கும். அதை எதிர்க்காமல் பலகையைச் சற்றே சாய்த்து ஊட்ட வேண்டும். டேப் விஷயத்தை அவர் தன் வேலையில் முயன்று பார்த்தார். சன்மைக்கா வெட்டும்போது விளிம்பு சிதறுவது குறைந்ததாம். "இத்தன வருசமா இது தெரியலயே சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி எந்தப் பாராட்டிலும் கிடைத்ததில்லை.

கொடுக்க வேண்டியிருந்த இன்னொன்று அவ்வளவு மகிழ்ச்சியானது அல்ல. நான் அறுக்கும்போது முகக்கவசம் அணிவேன். பொழுதுபோக்குக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் அறிவுரை அது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்.டி.எஃப். பலகைத் தூளில் பசையின் ஃபார்மால்டிஹைடும் சேரும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் விளையாட்டாக அறுக்கும் எனக்கு இது தெரியும். நாற்பத்தைந்து ஆண்டுகளாக நாள்தோறும் அறுக்கும் அவருக்கு யாரும் சொன்னதில்லை. கவசத்தை நீட்டியபோது, "இதப் போட்டா மூச்சு முட்டும் சார். அதெல்லாம் பழகிப்போச்சு" என்றார். சொல்லும்போதே இருமினார்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. பொழுதுபோக்குக்காரர்கள் தங்களுக்குள் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வது உலகம் முழுவதும் நடக்கிறது. அது நல்ல பழக்கம். பழைய தொழிற்குழுக்கள் மகனுக்கும் மருமகனுக்கும் மட்டும் சொல்லிவந்த ரகசியங்களை அது பொதுவாக்கியது. ஆனால் அந்தக் குறிப்புகள் நம்மைப் போன்றவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அது ஒரு கிளப், அவ்வளவுதான். அடுத்த தெருவில் அதே மரத்தை அறுத்து அதே தூளைச் சுவாசிப்பவருக்கு அது போய்ச்சேரவில்லை என்றால், அவருடைய விரலில் இருக்கும் அறிவு நமக்கு வந்துசேரவில்லை என்றால், நாம் பழைய சுவரை நல்ல பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம் என்றே பொருள்.

*

எதிர்வாதங்கள் உண்டு. என் நண்பர்களே வைத்தவை.

முதலாவது: லேசர் இயந்திரம் இருக்கிறதே! நீ இரண்டு நாள் அறுக்கும் கோலத்தை அது சில நிமிடங்களில் வெட்டிவிடும். உண்மைதான். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் டேவிட் பை 1968-ல் வெளியான தன் நூலில் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்: விளைவு முன்பே உறுதியாகிவிட்ட வேலை, ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகும் ஆபத்து உள்ள வேலை. லேசர் முதல் வகை; ரம்பம் இரண்டாம் வகை. முதல் வகை தாழ்ந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். பெயர்ப்பலகை வேண்டுமானால் லேசரில் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் கையின் கவனம் ஒரு கணம் பிசகினால் இரண்டு நாள் உழைப்பு போய்விடும் என்ற நிலையில் உட்கார்ந்து பழகியவனுக்கு, அடுத்தவரின் உழைப்பைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது. கதவு நிலைக்கு ஆசாரி சொன்ன கூலியில் நான் முன்பு பேரம் பேசியிருக்கிறேன். இப்போது என்னால் முடியவில்லை. கோலம் என்னை அவ்வளவுக்கு மாற்றியிருக்கிறது.

இரண்டாவது: மேகமலையை ஒட்டி வாழ்ந்துகொண்டு மரம் அறுப்பது நியாயமா? ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. ஈட்டி மரத்தைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச்சட்டம் வந்தது. அது சார்ந்த மரப்பேரினம் முழுவதும் 2017-ல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. எனவே ஈட்டி வேண்டாம். அழகுக்காக அதைத் தேடுபவர் என் பின்கட்டுக்கு வர வேண்டியதில்லை. இந்த வேலைக்கு உள்ளங்கை அகலத் துண்டு போதும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்டு, முதிர்ந்து வெட்டப்படும் சில்வர் ஓக், காய்ப்பு நின்ற மாமரம், மரவாடியில் விறகுக்குத் தள்ளப்படும் பூவரசுத் துண்டு ஆகியவையே ஓராண்டுக்குத் தாராளம். அடுப்புக்குப் போகவிருந்ததை ஒரு குழந்தையின் கைக்கு அனுப்புகிறோம்.

மூன்றாவதுதான் கனமானது: நீ பொழுதுபோக்காகச் செய்து மலிவாக விற்றால், பிழைப்புக்குச் செய்பவன் என்ன ஆவான்? அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கலைஞர்களோடு ஓய்வூதியக்காரர் விலைப்போட்டியில் இறங்குவது அசிங்கம். என் விதி எளிமையானது. பரிசாகக் கொடுப்பேன். விற்பதானால் ஆசாரியின் நாள்கூலிக் கணக்கில் என் மணிகளைக் கூட்டி விலை சொல்வேன். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கேட்பவர், கையால் செய்த ஒரு பொருள் உண்மையில் எவ்வளவு பெறும் என்பதை ஒருமுறையாவது காதில் கேட்டுவிட்டுப் போகிறார்.

*

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்வீடனில் மரவேலையும் தையலும் அடங்கிய 'ஸ்லாய்ட்' என்ற பாடம், ஆண் பெண் வேறுபாடின்றி எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இன்றும் கட்டாயம். அங்கே பொறியாளரின் மகள் உளி பிடிப்பதை யாரும் இறக்கமாக நினைப்பதில்லை. நம் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆறு ரம்பங்கள், ஓர் உள்ளூர் ஆசாரி போதும். அவரைப் பிள்ளைகள் 'சார்' என்று அழைக்க வேண்டும். அதற்குரிய சம்பளத்தை அவருக்குத் தர வேண்டும். குலக்கல்வியை எதிர்த்த மரபுக்கு இது முரண் அல்ல. அந்த எதிர்ப்பு தொடங்கிய வேலையை முடித்துவைப்பது. அப்பன் தொழிலிலிருந்து பிள்ளையை விடுவித்தோம். தொழிலை அப்பனிடமிருந்து விடுவிப்பதுதான் பாக்கி.

பள்ளி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுதுபவர்கள், வாசிப்பவர்கள், நாளெல்லாம் சொற்களோடு புழங்குபவர்கள் நம்மில் அதிகம். சமத்துவம் பற்றி நாம் நிறைய எழுதுகிறோம். கையில் பலகையை எடுத்துக்கொண்டு ஓர் ஆசாரியின் எதிரே தரையில் உட்கார்ந்து, "அண்ணே, இது ஏன் ஒடியுது?" என்று கேட்பதும் அதில் சேர்த்திதான். ஒரு கதையை எழுதுவதைவிட அது சற்றுக் கடினம் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் என் பின்கட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் வருகிறார்கள். எதிர்வீட்டுப் பையன், அண்ணன் பேத்தி, ஆசாரியின் பேத்தி, அவளுடைய தோழி ஒருத்தி. எல்லாருக்கும் முகக்கவசம் உண்டு. ஆசாரியின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. கணினி படிக்கப் போகிறாளாம். தாத்தாவுக்கு அதில்தான் பெருமை. போன வாரம் அவள் ஒரு யானை அறுத்தாள். வளைவில் பதறி ரம்பத்தோடு மல்லுக்கு நின்றபோது, "பலகையத் திருப்பு பாப்பா" என்று நானும் தாத்தாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

யானை முடிந்தது. தும்பிக்கை நுனி மட்டும் கொஞ்சம் ஒடிந்துவிட்டது. தாத்தா கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, பேத்தி கையிலிருந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தந்தை பார்த்தது போலவே இருந்தது. உனக்கெதுக்கு இந்த வேலை என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் கேட்கவில்லை. உப்புத்தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.